பயம் தின்ற மாவுப்பூச்சி

மணி பிளாண்டைக் காசு கொடுத்து வாங்கினால் வீட்டில் காசு தங்காது, வாய்விட்டுக் கேட்டு வாங்கினால் செடி தங்காது, ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரு முழம் ஒடித்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து நட்டால்தான் தழைக்கும் என்பது பாளையங்கோட்டை வசந்தம் பிளாட்ஸில் குடியிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு இன்னும் ரெண்டு பிரிவு உண்டு. திருடினவள் சொல்லக் கூடாது, பறிகொடுத்தவள் கேட்கக் கூடாது. அதனால் மாடிக்கு மாடி, வாசலுக்கு வாசல், உடைந்த வாளியிலும் பழைய ஊறுகாய் ஜாடியிலும் படர்ந்து கிடந்த கொடிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ரத்த சொந்தம்தான் என்றாலும், எதற்கு எது தாய்வீடு என்று கேட்டால் அத்தனை பேரும் தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஆக, அந்த வருஷம் சித்திரையில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்த மாவுப்பூச்சி முதன்முதலில் யார் வீட்டில் இருந்து கிளம்பியது என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருந்தால் அவளும் சொல்லப் போவதில்லை.

மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்த சந்தனமாரி தன் கொடியைக் கீழ்வீட்டுக் குற்றாலிங்கம் சார் வாசலில் ஒடித்தவள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகும் சாத்தினோமா என்று திரும்பி வந்து பார்த்தவள். ஊரறிந்த பயந்தாங்கொள்ளி அவள். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், பாதியில் திரும்பி வந்து மறுபடி மூடுவாள். பல்லி கத்தினால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மதுரை ரூட்டில் கண்டக்டராக இருந்த அவள் புருஷன் ஆறுமுகநயினார் கயத்தாறு தாண்டிவிட்டேன் என்று போன் பண்ணுகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் சில்லறைப் பயம். பெரிய பயம் என்றால் அது மகள் தாமிரா. வயிற்றில் தங்காமல் போன ரெண்டுக்குப் பிறகு தங்கிய ஒன்று, ஐந்து வயசு, காலில் சக்கரம் கட்டியது. பிள்ளை ஜன்னல் பக்கம் ஒரு எட்டு வைத்தால் போதும், "ஏ தாமிராஆ!" என்று சந்தனமாரி போடுகிற கூப்பாட்டில் தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பயம் வந்தால் அவளுக்கு வாயில்தான் வரும், வேறு எங்கும் வராது.

ரெண்டாவது மாடியில் ஜெபமணி டீச்சர் தனியாக இருந்தாள். அவளும் பயப்படுகிறவள்தான், ஆனால் சத்தமில்லாத பயம். படியில் பிள்ளைகள் ஓடி இறங்கினால் சுவரோடு ஒட்டி நின்று, கடைசிப் பிள்ளை கீழே போய்ச் சேருகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொள்வாள். எந்தப் பிள்ளையையும் பின்னால் இருந்து பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாள். சுற்றிக்கொண்டு முன்னால் போய், முகத்தைப் பார்த்து, மெதுவாகத்தான் சொல்ல வந்ததைச் சொல்வாள். பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்று சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி கூட நம்புகிறாளே என்று பிளாட்ஸில் கேலி பண்ணுவார்கள். அவளுக்கு சாமுவேல் என்று ஒரு மகன் இருந்தான், பள்ளிக்கூடத்து வயசிலேயே தவறிவிட்டான். எப்படி என்று அவளும் சொன்னதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை.

"மாரி, அது மாவுப்பூச்சிட்டி," என்று முதலில் பேர் சொன்னதும் டீச்சர்தான். "துணி சோப்பைக் கரைச்சு ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் விட்டு அடி. போயிரும்."

போகவில்லை. வேப்பெண்ணெய் அடித்தார்கள், பூண்டும் மிளகாயும் அரைத்து வடிகட்டி அடித்தார்கள், புகையிலையை ஊறவைத்து அடித்தார்கள், காது குடைகிற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் முக்கிக் கணுக்கணுவாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள், குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், இட்லி மாவைக் கையால் தெளித்தது போல முன்னைவிட வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். அட, அதுவும் போகட்டும், இலையாவது வாட வேண்டுமா இல்லையா? சாறு உறிஞ்சுகிற பூச்சி என்றால் இலை மஞ்சளாக வேண்டும், சுருள வேண்டும், உதிர வேண்டும். இங்கே இலை எண்ணெய் தேய்த்த மாதிரி பச்சையாக மின்னியது, பூச்சியும் நாளுக்கு நாள் கொழுத்தது. அப்படியென்றால் அது எதைத் தின்று கொழுக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

வைகாசியில் தெரிந்தது. குற்றாலிங்கம் சார் ஓய்வு பெற்ற தாசில்தார், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். அவர் செருமினால் அவர் சம்சாரம் சிவகாமி அடுப்படியில் தம்ளரைக் கீழே போடுவாள். கல்யாணமான நாளில் இருந்து அப்படித்தான், அந்த வீட்டில் நெளியாத தம்ளரே கிடையாது. அன்றைக்குக் காலையில் அவர் வழக்கம்போலச் செருமினார். சிவகாமி பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "பால் பிரிட்ஜுல இருக்கு, டிகாஷன் அடுப்புல இருக்கு, கை உங்ககிட்ட இருக்கு," என்றாள்.

சாருக்கு வந்த கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கு வந்து, கண்ணில் பட்ட மணி பிளாண்டைப் பிடித்து, அதில் குண்டுமல்லி மொட்டுக் கணக்காக வீங்கியிருந்த ஒரு பூச்சியைக் கட்டைவிரலால் நசுக்கினார். இளஞ்சிவப்பாகச் சாறு வந்தது. அவ்வளவுதான். அவர் செருமவில்லை, ஆனால் ஒரு செருமல் அவர் காதில் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அந்தப் பெரிய மனுஷன் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டார். "சிவகாமி, நான் இப்படியாட்டி இருந்தேன் உனக்கு?" என்று கேட்டு அழுதார். "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

இப்படித்தான் பிளாட்ஸுக்கு விஷயம் விளங்கியது. செடி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பயத்தைப் பூச்சி தின்கிறது. பூச்சியை நசுக்கினால், அது தின்ற பயம் நசுக்கின கைக்கு ஏறிவிடுகிறது, அது யாருடைய பயமாக இருந்தாலும் சரி. வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. தண்ணீர் லாரி வருகிற நேரத்தைப் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள்.

"என் மாமியா பயத்தை இது தின்னுரும்னா, நான் பூச்சிக்கு நேர்ச்சையே வைப்பேன்," என்றாள் முதல் மாடி சையதலி பாத்திமா. பரீட்சைக்கு முன்னால் வாந்தி எடுக்கிற பிள்ளையைப் பெற்றவர், மேனேஜர் பேரைக் கேட்டால் வியர்க்கிறவர், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்துப் பார்க்காமல் பீரோவில் வைத்திருந்தவர் எல்லாரும் தலையாட்டினார்கள். இனி யாரும் செடிக்கு மருந்தடிக்கக் கூடாது, பூச்சியை நசுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. குற்றாலிங்கம் சார் மட்டும் தன் சம்சாரத்தின் பயத்தை வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து, யார் நாற்காலி நகர்த்தினாலும் திடுக்கிட்டார்.

அதன் பிறகு வசந்தம் பிளாட்ஸ் ஒரு பொங்கு பொங்கியது பாருங்கள்! மேனேஜருக்குப் பயந்தவர் மேனேஜரை உட்காரச் சொல்லிப் பேசிவிட்டு வந்தார். பாத்திமா மாமியாருக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்த்தாள். யாரும் கதவைப் பூட்டவில்லை, எல்லாரும் அயர்ந்து தூங்கினார்கள். ஜெபமணி டீச்சர் பாட ஆரம்பித்தாள். அவள் வாசலில், ரெண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் இருந்த தொட்டியில் பூச்சி கணுக்கணுவாக நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு கைப்பிடி அளவு, ரெண்டு கைப்பிடி அளவு, கடைசியில் ஒரு தேங்காய் அளவுக்குத் திரண்டு நின்றது. படியில் பிள்ளைகள் ஓடினால் அவள் இப்போது ஒட்டி நிற்பதில்லை. "ஏ தாமிரா, ஏ ரிஸ்வான், நில்லுங்கடே!" என்று பின்னால் இருந்து கூப்பிட்டுச் சிரித்தாள். அதை யாரும் கவனிக்கவே இல்லை. செய்தி வெளியே கசிந்து, வேறு தெருக்காரர்கள் ஏதோ சொந்தம் விசாரிக்கிற மாதிரி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு முந்தானை புடைக்கத் திரும்பிப் போனார்கள், சட்டப்படி அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சந்தனமாரிக்கு ஆனியில் பயம் போயிற்று. மத்தியானம், குழம்பைத் தாளித்துக்கொண்டு நின்றவளுக்கு, பிறந்த நாளில் இருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒன்று நின்றுபோன மாதிரி இருந்தது. ஓடுகிற வரைக்கும் சத்தம் தெரியாது, நின்ற பிறகுதான் இவ்வளவு நாள் இது ஓடியதா என்று தெரியும், அப்படி. பல்லி கத்தியது, அவள் கிளறிக்கொண்டே இருந்தாள். ஆறுமுகநயினார் கயத்தாறில் இருந்து போன் பண்ணினபோது அவள் சாப்பிட்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி மாரி, நான் போன் பண்ணாம நீ சோறு தின்னுட்டியா?" என்று அவன் சந்தோஷமாகச் சிரித்தான்.

"பசிச்சுது, தின்னேன்."

அவளுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். சிவகாமி அவள் தோளைத் தட்டி, "இப்பத்தான்ட்டி உன் முகத்துல களை வந்திருக்கு," என்றாள். கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பிள்ளைக்குப் பயம் எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஒரு சாயங்காலம் சந்தனமாரி மொட்டை மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதிரே கைப்பிடிச் சுவரின் மேல், ஒரு செங்கல் அகலத்தில், ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு தாமிரா இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தாள். கீழே தெருவில் பூக்கூடையை இறக்கிவைத்த பேச்சியம்மா தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். கூடை உருண்டு, பூவெல்லாம் தெருவில் கொட்டிப்போயிற்று. குரல் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த வயசில் மூன்று மாடியும் ஓடி ஏறி மேலே வந்து, பிள்ளையை இடுப்போடு அள்ளி இறக்கிவிட்டு, சந்தனமாரி முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ள செவத்து மேல நடக்கு, நீ வெங்காயம் உரிக்கியா?"

"அவ தினமும்தான் நடப்பா, யக்கா. விழ மாட்டா."

பேச்சியம்மா அவளையே பார்த்தபடி பின்னுக்கு நடந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்குப் பூக்கொண்டு வரவே இல்லை. பேப்பர் போடுகிறவன் கேட்டுக்கு வெளியிலேயே வீசிவிட்டுப் போனான், சிலிண்டர்காரர் வாசலில் உருட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பிளாட்ஸ் சனங்களுக்கு அதுவும் ஒரு விஷயமாகப் படவில்லை.

ஆடி பிறந்ததும் வாட்ச்மேன் சுடலைமுத்து மோட்டார் ரூமில் இருந்து ஒரு நல்லபாம்பைக் கையால் பிடித்து எடுத்து, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினார். கழுத்தில் போட்டுக்கொண்டார். அது முன்கையில் போட்டது. "கடிச்சிருச்சு போல," என்று சொல்லிவிட்டு பாம்பைக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆட்டோவுக்குச் சொல்லவா என்று ஒருத்தர் கேட்டார், பார்ப்போம் என்றார் சுடலைமுத்து, பார்ப்போம் என்றார்கள் சுற்றி நின்ற எல்லாரும், குற்றாலிங்கம் சார் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, யாரோ செருமின சத்தத்தில் அதை விழுங்கிக்கொண்டார். சந்தனமாரி டீ கொண்டுவந்து கொடுத்தாள். "ஆறுது, முதல்ல குடியும் அண்ணாச்சி," என்றாள். அவர் குடித்தார். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. கண் சொருகுகிற வரைக்கும் அவரும் பயப்படவில்லை, யாரும் பயப்படவில்லை, பொழுது சாய்வதற்குள் அவர் செத்துப்போனார்.

அழுதார்கள். அழுகைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, துக்கத்தைப் பூச்சி தொடுவதில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அந்த டீ கிளாஸைக் கழுவப்போன சந்தனமாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாமல்லவா குடிக்கச் சொன்னோம் என்று நினைத்தாள். நெஞ்சு வலித்தது. திரும்பிப் பார்த்தால் தாமிரா மோட்டார் ரூம் சுவரில் இருந்த பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். "பாம்பு இருக்காம்மா பாக்கேன்," என்றாள். பிள்ளையை இழுத்துவிட வேண்டும் என்று சந்தனமாரியின் அறிவுக்குத் தெரிந்தது, இழுத்தும் விட்டாள், ஆனால் வயிறு சும்மா இருந்தது. ஈரக்குலை நடுங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிற தாய் எத்தனை தடவை காப்பாற்றுவாள்? ஒரு தடவை கணக்குப் போட மறந்துபோகும். என் பயம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் அப்போதுதான் முதல்முதலாக நினைத்தாள்.

நேரே வீட்டுக்கு வந்து கொடியைத் தொட்டாள். அடியில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியை நசுக்கினாள், உடனே பல்லி ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்தது. இன்னொன்றை நசுக்கினாள், கேஸை மூடினோமா என்று அடுப்படிக்கு ஓடினாள். இன்னொன்று, கயத்தாறு. நசுக்க நசுக்கச் சில்லறைப் பயமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது, அவள் ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டாள். ஆனால் பெரியது இல்லை. கொடியின் நுனிப்பக்கம் ஜன்னல் கம்பியில் சுற்றி ஏறியிருந்த இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று திரண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அந்த இடத்தில் நுனியே இல்லை, யாரோ நேர்த்தியாக ஒடித்திருந்தார்கள்.

வசந்தம் பிளாட்ஸில் அதுவரைக்கும் யாரும் செய்யாத காரியத்தை அவள் செய்தாள். கதவு கதவாகத் தட்டி, "என் கொடியை யாரு ஒடிச்சிய?" என்று கேட்டாள். முன்னெல்லாம் என்றால் மூஞ்சியில் அறைந்தமாதிரிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். இப்போது வெட்கப்படவும் பயம் வேண்டுமே, அது யாரிடமும் இல்லை.

"நாந்தான் யக்கா எடுத்தேன்," என்றாள் பாத்திமா, மாமியாருக்கு முன்னாலேயே. "நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. மேலப்பாளையத்துல எங்க அக்காளுக்குக் குடுத்தேன். அவ வச்சு, அது தழைச்சு, அங்கன வாரவ போறவ எல்லாம் ஒடிச்சிட்டுப் போய்ட்டாவளாம். தென்காசிக்குப் போச்சுங்கா, நாரோயில் வரைக்கும் போச்சுங்கா. அந்தப் பூச்சியே பெருகி எல்லாத்துலயும் இருக்காம். ஏன் யக்கா, அதுல என்ன இருந்துச்சு?"

"என் பிள்ள இருந்தா," என்றாள் சந்தனமாரி.

அவள் படியேறினாள். எங்கே போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? வீட்டில் தாமிரா இருப்பாளா என்று அறிவு கேட்டது, கால் அவசரப்படவில்லை. ரெண்டாவது மாடித் திருப்பத்தில் வந்து நின்றபோது மேலே மொட்டை மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம் வந்தது. கதவு திறந்திருக்கிறது. பிள்ளை மேலே இருக்கிறாள். இப்போது நான் ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் நின்றாள். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஜெபமணி டீச்சரின் தொட்டி இருந்தது, அதில் அந்தத் தேங்காய் அளவு வெள்ளை. யாருடைய பயமாக இருந்தால் என்ன, பயம்தானே வேண்டும் என்று ரெண்டு கையையும் உள்ளே விட்டுப் பிசைந்தாள்.

முழங்கை வரைக்கும் இளஞ்சிவப்பாக வழிந்தது. முதலில் ஒரு மாமரம் வந்தது. மரத்தில் உயரத்தில் ஒரு கிளை, கிளையில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், முதுகைக் காட்டிக்கொண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு தாய்க்கு வாய் திறக்கிறது, "சாமுவேல்!" என்று ஒரு கூப்பாடு. பையன் கூப்பிட்ட அம்மாவைப் பார்க்கத் திரும்புகிறான். திரும்பின வேகத்தில் கால் வழுக்குகிறது. அவ்வளவுதான் அதில் இருந்தது. அது மட்டும்தான், திரும்பத் திரும்ப, எத்தனையோ வருஷமாகத் திரண்டு கிடந்தது. டீச்சர் எந்தப் பிள்ளையையும் ஏன் பின்னால் இருந்து கூப்பிட மாட்டாள் என்று சந்தனமாரிக்கு அப்போது தெரிந்தது. ஐயோ என் தாயே, என்று சத்தம் வராமல் அலறிக்கொண்டு அவள் ஓடினாள்.

தாமிரா கைப்பிடிச் சுவரின் மேல், தெருவைப் பார்த்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். சந்தனமாரியின் தொண்டைக்குள் பழைய கூப்பாடு எதுவும் வரவில்லை, வந்தது டீச்சரின் பயம். அது வாயை இறுக்கிப் பூட்டிவிட்டது. செருப்பைக் கழற்றினாள். கால் விரலை ஊன்றி, மூச்சை அடக்கி, காய்கிற துணிகளுக்கு நடுவே புகுந்து, பிள்ளையின் நிழலைக்கூட மிதிக்காமல் போய், பின்னால் இருந்து ரெண்டு கையாலும் வளைத்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அவள் அழுத அழுகையைப் பார்த்து, "ஏம்மா, விளையாடத்தானே செஞ்சேன்," என்றது பிள்ளை.

டீச்சர் மேலே வந்து நின்றிருந்தாள். சந்தனமாரியின் கையைப் பார்த்தாள்.

"எடுத்துட்டியாட்டி?"

"எடுத்துட்டேன் டீச்சர். திருப்பித் தரவா? எப்படின்னு தெரியலையே."

"கனமா இருக்குமே மாரி. நீ சின்னப் பிள்ள."

"இது இல்லேன்னா நான் கூப்பிட்டிருப்பேன் டீச்சர்."

டீச்சர் பிள்ளையின் தலையைத் தொட்டாள். "அப்ப வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே படியிறங்கிப் போனாள். அவள் பாட்டு கீழே போய்ச் சேருகிற வரைக்கும் சந்தனமாரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றையில் இருந்து அவள் சத்தம் போடுவதில்லை. மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டாள், யாராவது வற்றல் காயப்போடத் திறந்து அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள், அவள் போய் மறுபடி பூட்டுவாள். பிளாட்ஸில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அவள் ஒருத்தியே பயந்தாள். மூன்றாம் மாடிக் கூப்பாடு கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று டீக்கடைக்காரர் கூட விசாரித்தார். தாமிரா பறிகொடுத்த பயம் எந்தத் தொட்டியில் இருக்கிறதென்று அவள் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டே உயரமான இடங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றார். தலை நரைத்தவர், கசங்கின சட்டை, வேர்த்துக் கொட்டியது. கம்பியைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரல் இளஞ்சிவப்பாக இருந்தது. காய்கறிப் பையோடு வந்த சந்தனமாரியைப் பார்த்து, "தாயி, இங்கன தாமிரான்னு ஒரு பிள்ள இருக்காளா?" என்று கேட்டார்.

பை கையில் இருந்து நழுவியது. "நீங்க யாரு?"

"நான் யாரா இருந்தா என்னம்மா. தென்காசி. வீட்டுல செடியில பூச்சின்னு நசுக்கினேன். அப்ப இருந்து சோறு இறங்கல, தூக்கம் இல்ல. எனக்குப் பிள்ளையே கிடையாது தாயி. யாருன்னே தெரியாத ஒரு பிள்ளைக்கு என்னமும் ஆயிருமோன்னு வயித்தைக் கலக்கிட்டே இருக்கு. கால் போன பக்கம் வந்தேன், இங்க கொண்டாந்து விட்டுச்சு. நல்லா இருக்காளா? அதை மட்டும் சொல்லு, போயிருதேன்."

சந்தனமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த விரிந்த கண்ணையும், இழுபடுகிற உதட்டையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் எத்தனை வருஷம் பார்த்த முகம் அது. "நல்லா இருக்கா, அய்யா," என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண்ணீர் வந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். விட்டுவிட்டு, சும்மா, அண்ணாந்து பார்த்தார்.

அவர் கண் போன இடத்தை அவளும் பார்த்தாள். மூன்று மாடிக்கும் மேலே, கைப்பிடிச் சுவரில், வானத்துக்கு முன்னால் சின்னதாகத் தாமிரா நடந்துகொண்டிருந்தாள். கையை விரித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, தினமும் நடக்கிற மாதிரி. சத்தமில்லாமல் இருந்தால் மூலை வரைக்கும் போய் இறங்கிவிடுவாள். தென்காசிக்காரர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். சந்தனமாரிக்கு அந்த மூச்சு தெரியும், அதற்குப் பின்னால் வருவது என்ன என்றும் தெரியும். பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். "ஏ தாமிராஆ" என்று அவளுடைய சொந்தக் கூப்பாடு அந்நிய ஆளின் வாய்க்குள் இருந்து அவள் உள்ளங்கையில் வந்து முட்டியது. அவர் திமிறினார், அவள் விடவில்லை. மேலே ஓட வேண்டும், கையை எடுக்க முடியாது. பிள்ளை ஒரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு வைத்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் ஆட்கள் திரும்பினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிச் சீருடையில் ஒருத்தி, லுங்கி கட்டின ஒருவர், அவர்களுக்குப் பின்னால் பஸ்ஸில் இருந்து இறங்கி இன்னும் யார் யாரோ, ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவர்கள், எல்லார் விரலும் இளஞ்சிவப்பு, எல்லார் முகமும் அவள் முகம். டீக்கடையில் எதையோ விசாரித்தார்கள். கடைக்காரர் பிளாட்ஸைக் கைகாட்டினார், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். சந்தனமாரிக்கு இருந்தது ரெண்டே கை.